ரோபோடிக் டோட்டல் ஸ்டேஷனா, ஆர்டிகே ரோவரா, கையால் திருப்பும் கருவியே போதுமா? நில அளவைக் குழுவுக்கான ஓர் ஒப்பீடு

நில அளவைக் குழு ஒன்று புதிய கருவி வாங்குவதைப் பற்றிப் பேச உட்காரும்போது, "இதனால் ஓர் ஆளைக் குறைக்கலாமா?" என்ற கேள்விதான் பெரும்பாலும் முதலில் வருகிறது. ரோபோடிக் டோட்டல் ஸ்டேஷனை, அதாவது கோணத்தையும் தூரத்தையும் அளந்து தானே திரும்பும் கருவியை, விற்பவர்களும் அதையே முன்வைக்கிறார்கள். இருவர் செய்த வேலையை ஒருவரே செய்துவிடலாம் என்பது பொய்யில்லை. ஆனாலும் அந்த ஒரே கணக்கை நம்பி வாங்கியவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே மனம் கசந்ததை நான் பார்த்திருக்கிறேன். ஆள் எண்ணிக்கையில் கை வைக்காமல் வேலையின் தன்மைக்காக வாங்கியவர்கள், அது இல்லாமல் தளத்துக்குப் போகவே தயங்குவதையும் பார்த்திருக்கிறேன். நான் கேட்கச் சொல்லும் கேள்வி வேறு. உங்கள் வேலையில் முடிவு எடுக்கப்படும் இடம் எது? கருவியின் தொலைநோக்கிக்குப் பின்னாலா, புள்ளியில் ஊன்றிய பிரிசக் கம்பத்தின் (கருவியின் ஒளியைத் திருப்பி அனுப்பும் பிரிசம் பொருத்திய கம்பம்) அடியிலா? இதற்குக் கிடைக்கும் விடையோடு, தளத்தில் வானம் எவ்வளவு திறந்திருக்கிறது, எத்தனை மில்லிமீட்டர் பிழை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்ற இரண்டையும் சேர்த்துப் பார்த்தால், எதை வாங்குவது என்பது பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ஒப்பிடுவதற்கு முன், ரோபோடிக் என்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதைச் சற்று விரிவாகப் பார்த்துவிடுவது நல்லது, ஏனென்றால் குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. சாதாரண டோட்டல் ஸ்டேஷனும் ரோபோடிக் டோட்டல் ஸ்டேஷனும் அளப்பது ஒன்றைத்தான்: கிடைக்கோணம், நிலைக்குத்துக் கோணம், சாய்தூரம். தூரத்தை ஒளியால் அளக்கும் ஜியோடிமீட்டரை 1940களில் எரிக் பெர்க்ஸ்ட்ராண்ட் ஸ்வீடனில் உருவாக்கினார். அதே பெயரைச் சுமந்த ஜியோடிமீட்டர் சிஸ்டம் 4000 என்ற கருவியை, அதே நாட்டின் ஜியோட்ரானிக்ஸ் நிறுவனம் 1990இல் வெளியிட்டது. ஒருவரே இயக்கக்கூடிய முதல் ரோபோடிக் டோட்டல் ஸ்டேஷன் என்று அதைத்தான் குறிப்பிடுகிறார்கள். அதில் புதிதாகச் சேர்ந்தவை மூன்று: கருவியை இரண்டு அச்சுகளிலும் திருப்பும் மோட்டார்கள், பிரிசத்தைத் தானே கண்டுபிடித்துப் பின்தொடரும் அமைப்பு, தொலைவிலிருந்து கட்டளையிடும் ரேடியோ இணைப்பு. இன்றைய கருவிகளில் தொலைநோக்கியின் வழியாகவே கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி வெளியே செல்கிறது. பிரிசத்தில் பட்டுத் திரும்பும் ஒளிப்பொட்டை உள்ளேயிருக்கும் கேமரா சென்சார் பிடிக்கிறது. அந்தப் பொட்டு குறுக்கிழையின் மையத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்பதைக் கணக்கிட்டு, கோண அளவில் அந்த விலகலைக் கருவியே திருத்திக்கொள்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது, மோட்டார் பூட்டியதால் மட்டும் கருவியின் துல்லியம் கூடிவிடுவதில்லை என்பதே. 5 வினாடிக் கருவி (இங்கே வினாடி என்பது நேரமல்ல, டிகிரியை 3600ஆகப் பிரித்த கோண அளவு) ரோபோவாக இருந்தாலும் 5 வினாடிக் கருவிதான். அந்தக் கோணப் பிழை 100 மீட்டரில் சுமார் 2.4 மி.மீ., 300 மீட்டரில் சுமார் 7 மி.மீ. பக்கவாட்டு விலகலைத் தரும். கூடுவது சீர்மை. மாலையில் கண் சோர்ந்த பிறகு ஒருவர் குறுக்கிழையைப் பிரிசத்தின் மையத்தில் வைப்பதற்கும், காலையில் அவரே வைத்ததற்கும் வேறுபாடு இருக்கும். கருவிக்கு அந்தச் சோர்வு கிடையாது. இருட்டிலும் அது அதே மையத்தைத்தான் பிடிக்கும்.

இனி, கையால் திருப்பும் கருவியைப் பற்றி. இரண்டு பேர் கொண்ட பழகிய குழு, கட்டுப்பாட்டுப் புள்ளிகளை (மற்ற அளவுகளுக்கு ஆதாரமானவை) ட்ராவர்ஸ் முறையில், அதாவது நிலையம் நிலையமாகக் கோணமும் தூரமும் அளந்து, கொண்டுசெல்லும்போதும், எண்ணிக்கையில் குறைந்த புள்ளிகளை அளக்கும்போதும், ரோபோவைவிடப் பெரிதாகப் பின்தங்குவதில்லை. ட்ராவர்ஸில் ஒவ்வொரு நிலையத்திலும் நேரம் செலவாவது முக்காலியை நிறுத்தி மட்டம் பார்த்து மையப்படுத்துவதில்தான். அந்த வேலையை எந்த மோட்டாரும் செய்து தராது. விலையும் பராமரிப்பும் குறைவு, மின்கலம் நீண்ட நேரம் தாங்கும், பழுது வந்தாலும் எளிதில் சரிசெய்யலாம். மாதத்தில் சில நாள்கள் மட்டுமே கருவி வெளியே போகும் குழுவுக்கு இதுவே போதும் என்பதை நான் தயங்காமல் சொல்வேன்.

அந்தக் குழுவே ஒரு கட்டடத்தின் தூண்களுக்கு நங்கூர போல்ட் புள்ளிகளைக் குறிக்கத் தொடங்கினால் நிலைமை மாறிவிடுகிறது. பழைய முறையில், தொலைநோக்கிக்குப் பின்னால் நிற்பவர் திரையில் விலகலைப் பார்த்து, "இடப்பக்கம் மூன்று சென்டிமீட்டர், பின்னால் ஒன்று" என்று வாக்கி டாக்கியில் சொல்கிறார். கம்பம் பிடித்தவர் நகர்கிறார். மீண்டும் குறி, மீண்டும் அளவு, மீண்டும் குரல். கம்பத்தின் அடியில் ஒரு கம்பிச்சட்டம் குறுக்கே வருகிறது, வரைபடத்தில் உள்ள புள்ளி அந்தக் கம்பியின் மேலேயே விழுகிறது என்பதெல்லாம் கருவியருகே நிற்பவருக்குத் தெரியாது. வரைபடம் அவரிடம் இருக்கிறது. நிலைமை கம்பம் பிடித்தவரின் காலடியில் இருக்கிறது. ரோபோ வந்த பிறகு, வரைபடமும் விலகல் எண்களும் கம்பத்தில் பொருத்திய கட்டுப்படுத்தியிலேயே தெரிகின்றன. கம்பத்தை ஊன்றியவர் அம்புக்குறியைப் பார்த்து 12 மி.மீ. முன்னே நகர்கிறார், 4 மி.மீ. ஆகிறது, குமிழியை மையத்துக்குக் கொண்டுவருகிறார், 1 மி.மீ. என்று காட்டுகிறது, ஆணியை அடிக்கிறார். கம்பி குறுக்கே வந்தால் 200 மி.மீ. தள்ளி ஒரு துணைப்புள்ளி குறிக்கலாமா என்பதை அங்கேயே நின்று முடிவு செய்கிறார். ஒரு நாளில் குறிக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை கூடுவது இதன் பின்விளைவுதான். முதல் பயன், அனுபவமுள்ளவரின் கண் புள்ளிக்கு வந்துவிடுவது. புள்ளி குறிக்கும் வேலையே பிழைப்பாக உள்ள குழு ரோபோ வாங்கத் தயங்கினால், அது தவறான சிக்கனம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்னோர் இடத்தில் ரோபோவுக்கு ஈடாக நிறுத்த ஆளில்லை: அசைவுக் கண்காணிப்பு. அணை, சுரங்கப்பாதைக்கு மேலுள்ள கட்டடங்கள், ஆழமாகத் தோண்டும் குழியின் தாங்குசுவர் போன்றவற்றில் பிரிசங்களைப் பொருத்தி, கருவியை உறுதியான கான்கிரீட் தூணில் நிறுத்திவிட்டால், அது இரவும் பகலும் குறித்த நேரத்தில் ஒவ்வொரு பிரிசத்தையும் இரு முகங்களிலும் (தொலைநோக்கியைப் புரட்டி எதிர்ப்பக்கமாகவும்) அளந்து அனுப்பிக்கொண்டே இருக்கும். பாதிப்பு எட்டாத இடத்தில் வைத்த ஆதாரப் பிரிசங்களை ஒவ்வொரு சுற்றிலும் அளப்பதால், கருவி நிற்கும் தூணே நகர்ந்தாலும் கண்டுபிடித்துத் திருத்திவிடலாம். வெப்பநிலை 1 டிகிரி செல்சியஸ் மாறினால் கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 1 மி.மீ. தூரப் பிழை வரும் என்பதால், நீண்ட பார்வைக் கோடுகளில் வானிலைத் திருத்தத்தை மட்டும் தவறவிடக் கூடாது. இதைக் கையால் செய்வதென்றால், ஒவ்வொரு மணிநேரமும் ஒருவர் தூங்காமல் குறிபார்க்க வேண்டியிருக்கும்.

ஆர்டிகே ரோவரோடு, அதாவது ஆதார நிலையம் ஒன்றின் திருத்தத்தைப் பெற்றுச் செயற்கைக்கோள் சமிக்ஞையால் இடத்தைக் கணிக்கும் கருவியோடு, ஒப்பிடும்போதுதான் முடிவு கடினமாகிறது, ஏனென்றால் ஒரே ஆள் கம்பத்தோடு நடந்து செய்யும் வேலை என்ற வகையில் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். ஆர்டிகேயில் பார்வைக் கோடு தேவையில்லை. மேட்டுக்கு அந்தப்பக்கம் இருக்கும் வரப்பையும் அளக்கலாம். முக்காலியை இடம்மாற்றும் வேலையே இல்லை. பரந்த வெளியில் நிலத்தோற்ற வரைபடம் எடுக்கவும், ஏக்கர் கணக்கான நிலத்தின் எல்லைக் கற்களைத் தேடவும் அதற்கு இணை கிடையாது. தயாரிப்பாளர்கள் பொதுவாகத் தரும் துல்லியம் கிடையில் 8 மி.மீ. கூட்டல் கிலோமீட்டருக்கு 1 மி.மீ., உயரத்தில் 15 மி.மீ. கூட்டல் கிலோமீட்டருக்கு 1 மி.மீ. அதாவது ஆதார நிலையம் 10 கிலோமீட்டர் தள்ளியிருந்தால், எல்லாம் ஒழுங்காக நடந்தாலும் உயரத்தில் 25 மி.மீ. அளவுக்கு ஐயம் இருக்கவே செய்யும். நில எல்லைக்கு அது பரவாயில்லை. எஃகுத் தூணின் அடித்தகட்டுக்கு அது உதவாது. ஒன்றுக்கொன்று 6 மீட்டர் தள்ளியுள்ள இரண்டு போல்ட் தொகுதிகளைத் தனித்தனியே ஆர்டிகேயில் குறித்தால், இரண்டுக்கும் இடையிலான தூரமே ஒரு சென்டிமீட்டருக்கு மேல் தவறலாம். டோட்டல் ஸ்டேஷனில் ஒரே நிலையத்திலிருந்து குறித்தால் அது இரண்டு மூன்று மில்லிமீட்டருக்குள் நின்றுவிடும்.

உயரத்தைப் பற்றி இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். செயற்கைக்கோள் தருவது பூமிக்குக் கணித வடிவமாகக் கொள்ளும் நீள்வட்டத் திண்மத்திலிருந்து கணக்கிட்ட உயரம். நீர் ஓடும் திசையைச் சொல்லும் உயரம், புவியீர்ப்பைச் சார்ந்த, சராசரிக் கடல்மட்டத்தை ஒட்டிய ஜியாய்டு என்ற பரப்பிலிருந்து அளப்பது. உலகெங்கும் பார்த்தால் இரண்டுக்கும் உள்ள இடைவெளி ஏறத்தாழ -106 மீட்டரிலிருந்து +85 மீட்டர் வரை மாறுகிறது. சிறிய தளத்துக்குள் அந்த இடைவெளி பெரிதாக மாறாது என்றாலும், பயன்படுத்தும் ஜியாய்டு மாதிரி அந்தப் பகுதிக்குப் பொருந்துகிறதா என்பதைத் உயரம் தெரிந்த பெஞ்ச்மார்க் புள்ளிகளில் சரிபார்க்காமல், கழிவுநீர்க் குழாயின் சரிவை ரோவரை நம்பிக் குறிக்கக் கூடாது. மரநிழல், உயர்ந்த சுவர், கண்ணாடி முகப்பு ஆகியவற்றின் அருகே செயற்கைக்கோள் சமிக்ஞை எதிரொலித்து வரும்போது, ரோவர் தவறான தீர்வையே உறுதியான தீர்வாகக் காட்டிவிடுவதும் உண்டு. திரை பச்சையாக இருக்கும், அளவு தவறாக இருக்கும். ஆகவே வானம் மூடிய தளத்தில் ஆர்டிகேயை முதன்மைக் கருவியாக வைத்துக்கொள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ட்ரோனையும் லேசர் ஸ்கேனரையும் இந்த ஒப்பீட்டில் சுருக்கமாகவே தொட வேண்டியிருக்கிறது. மண்மேடுகளின் கனஅளவு, சுரங்கம், பெரிய நிலப்பரப்பின் தோற்றம் ஆகியவற்றுக்கு ட்ரோன் சிறந்தது. ஆனால் தரைக் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வேறொரு கருவியால் அளந்து தந்தாக வேண்டும், புகைப்பட முறையில் அடர்ந்த புல்லுக்குக் கீழுள்ள மண் தெரியாது, பறப்பதற்கான அனுமதி விதிகளும் உண்டு. ஸ்கேனர் இருக்கும் கட்டடத்தை அப்படியே பிடித்துத் தரும். இரண்டுமே உள்ளதைப் பதிவு செய்பவை. இல்லாத ஒன்றை எங்கே கட்ட வேண்டும் என்று தரையில் புள்ளி வைத்துத் தர இவற்றால் இயலாது. ஆகவே இவை டோட்டல் ஸ்டேஷனுக்குப் பதிலாக வருபவை என்ற பேச்சுக்கே இடமில்லை.

தனியாக நிற்கும் கருவி செய்யும் தவறுகள்

ரோபோவை ஆதரித்து இவ்வளவு எழுதிய நான், அதன் அபாயங்களையும் அதே அழுத்தத்தோடு சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். ஒரு சாலை விரிவாக்க வேலையில், எங்கள் கருவிக்கும் எனக்கும் இடையே லாரி ஒன்று கடந்தது. லாக், அதாவது கருவி பிரிசத்தைப் பிடித்திருந்த பிடிப்பு, விட்டுப்போனது. சில நொடிகளில் கட்டுப்படுத்தி மீண்டும் "லாக்" என்று காட்டியது. நான் நடந்துகொண்டே ஆறு புள்ளிகளைப் பதிவு செய்தேன். ஏழாவது புள்ளியில் நான் அசையாமல் நிற்கும்போதே திரையில் எண்கள் மெல்ல நகர்ந்தன. கருவி பின்தொடர்ந்துகொண்டிருந்தது சாலையின் மறுபுறம் வேலை செய்த இன்னொரு குழுவின் பிரிசத்தை. ஆறு புள்ளிகளும் அந்த மனிதர் நடந்த பாதை. பிரிசத்துக்கே தனி அடையாளச் சமிக்ஞை தரும் வகைகள் இப்போது கிடைக்கின்றன. பல குழுக்கள் சேர்ந்து வேலை செய்யும் தளத்தில் அந்த வசதி இல்லாத கருவியை வாங்க வேண்டாம். சாலைப் பலகைகளும் ஒளிரும் பாதுகாப்பு மேலங்கிகளும்கூடச் சில நேரங்களில் கருவியை ஏமாற்றும். புள்ளியைப் பதியும் முன் திரையில் உள்ள தூரத்தையும் கண்ணால் தெரியும் தூரத்தையும் மனத்துக்குள் ஒப்பிட்டுப் பார்க்கும் பழக்கம் அன்றிலிருந்து எனக்கு வந்தது.

இதைவிட நுட்பமான அபாயம் முக்காலியில் இருக்கிறது. கருவி சாய்ந்தால், உள்ளேயிருக்கும் காம்பன்சேட்டர் உணர்ந்துகொள்ளும். சில கலை (ஒரு கலை டிகிரியில் அறுபதில் ஒரு பங்கு) அளவுக்கு மேல் சாய்ந்தால் அளப்பதையே நிறுத்திவிடும். ஆனால் யாரோ முக்காலியின் காலில் இடறி, கருவி சாயாமல் செங்குத்து அச்சைச் சுற்றிச் சற்றே திரும்பிவிட்டால், காம்பன்சேட்டருக்கு எதுவும் தெரியாது. ஒரே ஒரு கலை திரும்பினாலும் 100 மீட்டரில் 29 மி.மீ. தவறு. இருவர் குழுவில் கருவியருகே நிற்பவரே இதற்குக் காவல். ஒருவர் குழுவில் காவல் என்பது பேக்சைட் சரிபார்ப்பு ஒன்றுதான். அரை மணிக்கு ஒருமுறையாவது கருவியை ஆதாரப் புள்ளிக்குத் திரும்பச் சொல்லி, விலகலைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். நிலையத்தை மூடும் முன் இன்னொரு முறை. ரோபோவுக்கு இது ஒரு பொத்தானை அழுத்தும் வேலை என்பதால், செய்யாமல் விடுவதற்குச் சாக்கே கிடையாது. பொது இடத்தில் கருவியை ஆளின்றி விட்டுவிட்டு 200 மீட்டர் தள்ளிப் போவது திருட்டுக்கும் வழி; வாகனங்கள் ஓடும் சாலையில் தனியாக நின்று திரையைப் பார்ப்பது உயிருக்கே ஆபத்து. அப்படிப்பட்ட இடங்களில் இரண்டாவது ஆளை நிறுத்தியே தீர வேண்டும். ஆள் குறைப்புக் கணக்கு சறுக்குவது இங்கேதான்.

கம்பத்தையும் பிரிசத்தையும் பற்றிச் சொல்லாமல் விட்டால் ஒப்பீடு முழுமையாகாது. வட்டக் குமிழியின் நுணுக்கம் 8 கலை என்றால், 2 மீட்டர் உயரக் கம்பத்தின் நுனியில் அதுவே சுமார் 4.7 மி.மீ. பிழை. எல்லாத் திசையிலிருந்தும் தெரியும் 360 டிகிரி பிரிசம் பின்தொடர்வதற்கு வசதியானது, ஆனால் அதைச் சுழற்றும்போதே அளவில் சில மில்லிமீட்டர் ஆட்டம் வரும். எனவே 1 வினாடி ரோபோவை வாங்கிவிட்டு, 2 மீட்டர் கம்பமும் 360 பிரிசமும் வைத்து போல்ட் குறிப்பது, செலவழித்த பணத்தைக் கம்பத்தின் உச்சியில் தொலைப்பதற்குச் சமம். நுணுக்கமான புள்ளிகளுக்கு மினி பிரிசத்தைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் வைத்து அளக்க வேண்டும். பிரிச மாறிலியும் (பிரிசத்தின் அமைப்புக்காகத் தூரத்தில் செய்யும் நிலையான திருத்தம்) அப்படித்தான்: லைக்கா தன் வட்டப் பிரிசத்துக்கு 0 என்று கொள்வது, பிற நிறுவனங்கள் பின்பற்றும் கணக்கில் -34.4 மி.மீ. ஒரு நிறுவனத்தின் பிரிசத்தை இன்னொரு நிறுவனத்தின் கருவியோடு கலந்து பயன்படுத்துபவர்கள் இதை மறந்தால், எல்லாத் தூரங்களிலும் ஒரே அளவு பிழை அமைதியாக உட்கார்ந்துகொள்ளும்.

எதை, எந்த வரிசையில் வாங்குவது

செலவைப் பார்க்கும்போது கருவியின் விலையோடு நின்றுவிடக் கூடாது. ஆண்டுதோறும் அளவுத்திருத்தம், கட்டுப்படுத்தியின் மென்பொருள் கட்டணம், கூடுதல் மின்கலங்கள், பயிற்சிக்குப் போகும் நாள்கள், எல்லாவற்றுக்கும் மேலாகக் கருவி பழுதுபார்க்கப் போகும் வாரங்கள் ஆகியவற்றையும் எழுதிப் பார்க்க வேண்டும். ரோபோ ஒன்றை மட்டுமே நம்பியிருக்கும் குழுவுக்கு, அது போன அன்றே வேலை நின்றுவிடும். ஆகவே பழைய கருவியை மாற்றுச் சலுகைக்குக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்பவர்களிடமெல்லாம் சொல்லி வருகிறேன்.

வேலையில் பெரும்பகுதி திறந்தவெளி நில எல்லையும் நிலத்தோற்ற வரைபடமும் என்றால், முதலில் ஆர்டிகே ரோவர் ஒரு ஜோடி. கையில் உள்ள சாதாரண டோட்டல் ஸ்டேஷன், மரத்தடியிலும் சுவரோரத்திலும் அதற்குத் துணை நிற்கும். வேலையில் பாதிக்கு மேல் கட்டடம், பாலம், ஆலை போன்றவற்றில் புள்ளி குறிப்பது என்றால், கடன்பட்டாவது ரோபோவை முதலில் வாங்கலாம். ரோவரைத் தேவைப்படும்போது வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். இரண்டும் கலந்த வேலை உள்ள குழு, ரோவரால் கட்டுப்பாட்டுப் புள்ளிகளை வைத்து, அவற்றை டோட்டல் ஸ்டேஷனால் தங்களுக்குள் இறுக்கமாக இணைத்துச் சரிசெய்து, பிறகு ரோபோவால் குறிப்பதே நான் கண்டவரை மிகக் குறைவான சண்டை வரும் வழி. அந்தக் குழு ரோபோ வாங்கிய பிறகும் இரண்டாவது ஆளை வீட்டுக்கு அனுப்ப வேண்டாம். அவர் அடுத்த நிலையத்தின் முக்காலியை நிறுத்தட்டும், குறித்த புள்ளிகளுக்கு இடையே டேப் பிடித்துச் சரிபார்க்கட்டும்.

வாங்குவதென்று முடிவான பிறகும், விற்பனையாளரின் வெட்டவெளியில் செய்துகாட்டலைப் பார்த்துவிட்டுக் கையெழுத்திட வேண்டாம். கருவியை ஒரு நாள் உங்கள் தளத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். ஏற்கெனவே நன்கு தெரிந்த நான்கு புள்ளிகளை அதில் அளந்து பாருங்கள். பிரிசத்தை வேண்டுமென்றே ஒரு தூணுக்குப் பின்னால் கொண்டுபோய் வேறு பக்கமாக வெளியே வந்து, லாக் திரும்பக் கிடைக்க எத்தனை நொடியாகிறது என்று எண்ணுங்கள். இரண்டாவது பிரிசத்தை அருகில் பிடித்துக்கொண்டு ஒருவரைக் குறுக்கே நடக்கச் சொல்லுங்கள். ஒரே புள்ளியை இரு முகங்களிலும் அளந்து வேறுபாட்டைக் குறித்துக்கொள்ளுங்கள். நண்பகல் வெயிலில், தரையிலிருந்து அனல் எழும் நேரத்தில், உங்கள் வேலையில் வழக்கமாக வரும் மிக நீண்ட தூரத்தில் இதையெல்லாம் மறுபடியும் செய்து, காலையில் எடுத்த எண்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.